ஒரு வரி டிப்ஸும் 17 ஒப்பாரியும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் காரமான பதிவு. யாரையும் பேர் சொல்லித் திட்டப் போறதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்வாங்க இல்லையா, அப்படி யாருக்காவது குறுகுறுத்தா கம்பெனி பொறுப்பில்லை. முதல்ல குறுகுறுக்கறது என் நெஞ்சு தான். அதையும் கீழ சொல்றேன்.

போன வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. சும்மா நம்மாளுங்க எழுதினதை மேய்ஞ்சிட்டு இருந்தேன். ஒரு நண்பர் வேர்ட்பிரஸ்ல ஏதோ ஒரு வசதியைச் சேர்க்கறது எப்படின்னு எழுதியிருந்தார். "ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி கோப்பைத் திறங்க. கடைசியில இந்த நாலு வரியை ஒட்டுங்க. சேமிங்க. மேட்டர் ஓவர்!" கீழ வரிசையா "நன்றி தல", "சூப்பருங்க", "நல்லா வேலை செய்யுது பாஸ்".

வேலை செய்யுது சரி. எது வரைக்கும் வேலை செய்யும்? அந்தத் தீமுக்கு அடுத்த அப்டேட் வர்ற வரைக்கும். அதை அவர் சொல்லலை. நன்றி சொன்ன யாரும் கேக்கவும் இல்லை. எனக்கு அங்கயே பொங்கிடுச்சு. பின்னூட்டத்துல பொங்கினா சண்டைன்னு நினைப்பாங்க, அதனால இங்க வந்து பொங்கறேன்.

முதல்ல எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு சொல்லிடறேன்.

எங்க பெரியப்பா அம்பாசமுத்திரம் பக்கம் தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். ரிட்டயர் ஆனதும் ஊர் ஊரா போய் வயசான பொம்பளைங்க பாடுற தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாம் செல்போன்ல பதிவு பண்ண ஆரம்பிச்சார். ராத்திரி உக்காந்து அதைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வரியா தட்டச்சுவார். 2018ல நான் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். "ஏல, இதையெல்லாம் நாலு பேரு பாக்க மாதிரி ஒரு எடத்துல போட்டுக் குடுல"ன்னார். நானும் பெரிய புடுங்கி மாதிரி ஒரு ஹோஸ்டிங் வாங்கி, வேர்ட்பிரஸ் போட்டு, இலவசத் தீம் ஒண்ணை இறக்கி, தளம் ரெடின்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

ஒலிக்கோப்பு ஏத்தும்போது தான் முட்டுச்சு. ஏத்துற அளவு 2 எம்பி தான். (பிஎச்பியோட இயல்பு அளவே அது தான், எனக்கு அப்ப தெரியாது.) பெரியப்பா பதிவுகள் ஒவ்வொண்ணும் 6, 7 எம்பி. தேடினேன். நம்மாளு ஒருத்தர் எழுதின டிப்ஸ் கிடைச்சுது. எஃப்டிபி வழியா போய், தீம் ஃபோல்டருக்குள்ள "ஆடியோ"ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுல கோப்பையெல்லாம் கொட்டுங்க, தீம்ல இருந்து ஒரே வரியில கூப்பிட்டுக்கலாம். செஞ்சேன். ஜம்முனு பாடுச்சு. மொத்தம் 43 பாட்டு.

2019ல ஒரு நாள் அட்மின் பக்கத்துல அப்டேட் எண்ணிக்கை சிவப்பா கண்ணை உறுத்திட்டே இருந்துச்சு. எல்லாத்தையும் டிக் பண்ணி ஒரு அமுக்கு. பச்சையா "வெற்றி"ன்னு வந்துச்சு. முகப்பைப் பாத்தேன், நல்லாத் தான் இருந்துச்சு. மூடிட்டு தூங்கப் போயிட்டேன்.

11 நாள் கழிச்சு பெரியப்பா போன். அவர் பதிவு பண்ணினதுல அதிகமாப் பாடின ஆச்சி ஒருத்தங்க காலமாயிட்டாங்க. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்னாடி அவங்க வீட்டாளுங்க வந்து, ஆச்சி குரலைப் போடுங்க சார், கேக்கணும்னு உக்காந்திருக்காங்க.

"ஏல, ஆச்சி பாட்டு ஒண்ணும் வரமாட்டேங்குல. என்னன்னு பாரு."

பாத்தேன். தீம் ஃபோல்டர் இருக்கு. உள்ள ஆடியோ ஃபோல்டர் இல்லை. ஹோஸ்டிங்காரன் 7 நாள் பேக்கப் தான் வெச்சிருப்பான், அது முன்னாடியே தெரிஞ்ச விஷயம் தான். பெரியப்பாவோட பழைய செல்போன் எக்ஸ்சேஞ்சுல போயாச்சு. ஒரு மெமரி கார்டுல இருந்தும், வாட்ஸப்புல யார் யாருக்கோ அனுப்பினதுல இருந்தும் 26 தேறுச்சு. மிச்சம் 17 போச்சு. அந்த 17ல 12 அந்த ஆச்சி பாடினது.

வரி இருக்கு, டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு. குரல் இல்லை.

இப்ப நியாயமா ஒரு கேள்வி வரும். வேர்ட்பிரஸ் எப்படி என் கோப்பை அழிக்கலாம்? அங்க தான் சூட்சுமம். அது என் கோப்பை அழிக்கலை. தன்னோட ஃபோல்டரை அழிச்சது. தீமோ ப்ளகினோ அப்டேட் ஆகும்போது பழைய ஃபோல்டரை மொத்தமா தூக்கிட்டு புது ஃபோல்டரை வைக்கும். கோப்பு கோப்பா ஒப்பிட்டு "இது நம்மது, இது இவன் வெச்சது"ன்னு பாக்காது. அப்படி மொத்தமா தூக்கறதும் சரி தான். இல்லைன்னா பழைய பதிப்போட ஓட்டைக் கோப்புகள் உள்ளயே தங்கி, அதே ஓட்டை வழியா திருடன் வருவான்.

எளிமையா சொன்னா, வாடகை வீட்டை வெள்ளையடிக்க ஓனர் ஆள் அனுப்பறார்னு வைங்க. நீங்க நகையைக் கொண்டு போய் அவர் மாத்தப் போற பழைய கதவோட இடுக்குல செருகி வெச்சிருக்கீங்க. கதவு போச்சுன்னா நகையும் போச்சு. வெள்ளையடிக்க வந்தவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

அப்டேட் பக்கத்துல எச்சரிக்கை இருக்கே, தீம் கோப்புல நீ செஞ்ச மாற்றமெல்லாம் போயிடும்னு சின்ன எழுத்துல போட்டிருக்கானேன்னு ஒருத்தர் கேட்டார். இருக்கு சாமி. "மாற்றம்"னு தான் இருக்கு. நான் எந்தக் கோப்பையும் மாத்தலையே, புதுசா தானே வெச்சேன்னு நினைச்சேன். எச்சரிக்கை எழுதினவனுக்கு வித்தியாசம் தெரியும், எனக்குத் தெரியலை. என்னென்ன போகப் போகுதுன்னு பட்டியல் போட்டுக் காட்டுற அளவுக்கு இன்னும் அது வளரலை. 2023ல வந்த 6.3ல இருந்து, அப்டேட் பாதியில தோத்துப் போனா பழைய தீமை, ப்ளகினைத் திருப்பி வைக்கற வசதி வந்திருக்கு. நல்லது தான். ஆனா தோத்தா தான் திருப்பி வைக்கும். என் அப்டேட் தோக்கலையே! அமோகமா ஜெயிச்சது. ஜெயிச்சதால தான் 17 பாட்டு போச்சு.

சரி, இப்ப குறுகுறுக்கற கதைக்கு வரேன்.

தமிழ்ல தலைப்பு வெச்சு எழுதுற எல்லாருக்கும் ஒரு பிரச்சனை உண்டு. முகவரியில தலைப்பு தமிழ்லயே வரணும்னு விட்டா, பாதியில அறுந்து போகும். காரணம் இது தான். யுனிகோடுல ஒவ்வொரு தமிழ் எழுத்தும் 3 பைட். (புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியா எண்ணணும்.) முகவரியில ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட சேர்ந்து 3 குறியா விரியும். ஆக ஒரு எழுத்துக்கு 9 குறி. வேர்ட்பிரஸ் அந்த இடத்துக்குக் கொடுத்திருக்கறது மொத்தம் 200. "அம்பாசமுத்திரம்"னு ஒரு சொல் மட்டுமே 135 தின்னுடும். ஒரு இடைக்கோடு போட்டு "ஒப்பாரி"ன்னு சேர்த்தா 199. அவ்ளோ தான், தலைப்பு முடிஞ்சுது. ஆங்கிலத்துல எழுதறவனுக்கு 200 தாராளம். நமக்கு 22 எழுத்து. இந்தக் கோவம் நியாயமானது, அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது.

அதுக்கு நான் என்ன செஞ்சேன்? டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் உள்ள போய், ஃபார்மாட்டிங்.பிஎச்பியைத் திறந்து, 200ன்னு இருந்ததை 1000 ஆக்கினேன். டேட்டாபேஸ்ல போய் அந்த நெடுவரிசையோட அளவையும் 1000 ஆக்கினேன். நீள நீளமா தமிழ்த் தலைப்பு. ஆஹா!

செஞ்சதோட விட்டேனா? "தமிழ் முகவரி அறுந்து போகாமல் இருக்க எளிய வழி"ன்னு பதிவு வேற போட்டேன். "ரெண்டே இடத்துல மாத்துங்க, மேட்டர் ஓவர்"னு எழுதினேன். நானே தான். அதே மேட்டர் ஓவர். சின்ன அப்டேட் சிலது வந்தப்பவும் ஒண்ணும் ஆகலை, ஏன்னா சின்ன அப்டேட்ல மாறின கோப்பை மட்டும் தான் மாத்தும். அதைப் பாத்துட்டு "அப்டேட்டையும் தாங்குது மக்களே"ன்னு கீழ ஒரு வரி சேர்த்தேன் பாருங்க, அந்த வரிக்கு எனக்கு எண்ணெய்ச் சட்டி காத்திருக்கு.

2018 டிசம்பர்ல 5.0 வந்துச்சு. ஃபார்மாட்டிங்.பிஎச்பி புதுசா வந்து உக்காந்துச்சு, 1000 மறுபடி 200. அதோட நிக்கலை. பெரிய பதிப்புக்கு மாறும்போது டேட்டாபேஸ் அட்டவணைகளையும் தன் கணக்குப்படி சரிபார்த்து, வேற மாதிரி இருந்தா திருத்தும். 1000ன்னு இருந்த நெடுவரிசையை 200 ஆக்கிடுச்சு. நீளமான தலைப்பெல்லாம் 200வது குறியில வெட்டு. 9, 9 குறியா இருக்கறதால வெட்டு எழுத்து முடியற இடத்துல விழலை, எழுத்துக்கு நடுவுல விழுந்துச்சு. பாதி எழுத்தோட நிக்கற முகவரி. பழைய சுட்டி வழியா வந்தவங்களுக்கெல்லாம் "பக்கம் காணவில்லை".

என் தளத்துல போனது 60 சொச்சம் முகவரி. ஒவ்வொண்ணா உக்காந்து சரி பண்ணிட்டேன். ஆனா என் பதிவைப் பாத்துட்டு மாத்தினவங்க எத்தனை பேர்? அதுல எத்தனை பேருக்கு இது ஏன் போச்சுன்னாவது தெரியும்? பின்னூட்டத்துல ஒரு அம்மா, சமையல் குறிப்பு எழுதறவங்க, "தம்பி, உங்க குறிப்புப்படி செய்தேன், நன்றாக வருகிறது, நன்றி"ன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கப்புறம் அவங்க தளம் ரொம்ப நாளா திறக்கலை. என்னால தானான்னு தெரியாது. ஆனா இன்னைக்கும் அந்தப் பின்னூட்டத்தைப் பாத்தா வயித்தைப் பிசையுது.

கொடுமை என்னன்னா, இதுக்குச் சரியான வழி அப்பவே இருந்துச்சு. அந்த 200 கணக்கைக் கோப்பைத் தொடாமலே மாத்த முடியும். தலைப்பைச் சுத்தம் பண்ற வேலைக்கு ஒரு ஃபில்டர் இருக்கு. அவங்க ஃபங்ஷனைக் கழட்டிட்டு நம்ம ஃபங்ஷனை மாட்டலாம். அதை ஒரு குட்டிக் கோப்பா எழுதி, டபிள்யூபி-கன்டென்ட் உள்ள எம்யூ-ப்ளகின்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல போட்டா, தானா ஓடும். எந்த அப்டேட்டும் அதைத் தொடாது. டேட்டாபேஸ் வெட்டுக்கு அதுலயும் மருந்தில்லை, அதனால தலைப்பு நீளமா இருந்தாலும் முகவரியைச் சுருக்கமா நம்ம கையாலயே அடிச்சிடறது தான் உத்தமம். இதையெல்லாம் விளக்க எனக்கு இன்னும் நாலு பத்தி ஆகியிருக்கும். சோம்பேறித்தனம். நாலு பத்தி எழுதினா "சூப்பர் தல" வராது, ஒரு வரிக்குத் தான் வரும்.

இதைத் தான் சொல்ல வரேன். அப்டேட் யார் கோப்பையும் தின்கறதில்லை. அடுத்தவன் இடத்துல நம்ம பொருளை வைக்கச் சொல்லிக் கொடுத்த டிப்ஸ் தான் தின்னுது.

இதுக்கு வழக்கமா வர்ற மறுமொழிகள் மூணு. மூணையும் ஒரு கை பாத்துடலாம்.

"அதான் நான் அப்டேட்டே பண்றதில்லை பாஸ். ஓடுற வண்டியை எதுக்கு நோண்டணும்?"

2017 ஜனவரி 26ல வேர்ட்பிரஸ் 4.7.2 வந்துச்சு. 4.7லயும் 4.7.1லயும் ஒரு ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாம யார் வேணா உங்க பக்கத்தைத் திருத்தலாம். வேணும்னே அந்த ஓட்டையைப் பத்தி வாய் திறக்காம, எல்லாரும் அப்டேட் ஆக டைம் கொடுத்து, பிப்ரவரி 1ல தான் வெளிய சொன்னாங்க. அதுக்கப்புறம் சில நாள்லயே லட்சக்கணக்கான பக்கங்களை நாசம் பண்ணினாங்க. யாரோட பக்கம்? "ஓடுற வண்டி" கோஷ்டியோடது. ட்ரூபல்ல இன்னும் மோசம். 2014 அக்டோபர் 15ல ஒரு திருத்தம் வெளியிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவங்க பாதுகாப்புக் குழுவே, வெளியான 7 மணி நேரத்துக்குள்ள போடலைன்னா உங்க தளத்துல ஆள் புகுந்துட்டான்னே வெச்சுக்கங்கன்னு சொல்லிடுச்சு. 7 மணி நேரம்! நாம தூங்கி எந்திரிக்கற நேரம்.

இதுலயும் டிப்ஸ்காரருக்குப் பங்கு உண்டு. கோப்பைத் திருத்தி வெச்சவன் தான் அப்டேட்டைப் பாத்து பயப்படறான். பயத்துல தள்ளிப் போடறான். தள்ளிப் போட்டவன் வீட்டுக்குத் தான் திருடன் வரான்.

"பேக்கப் எடுக்காதது உன் தப்பு."

எடுத்தேனே! மாசா மாசம் டூல்ஸ்ல போய் ஏற்றுமதி பண்ணி, அந்த எக்ஸ்எம்எல் கோப்பை எனக்கே மெயில் பண்ணி வெச்சேன். அதுல பதிவு இருக்கும், பின்னூட்டம் இருக்கும். படம், ஒலி எதுவும் இருக்காது, அதுங்களோட முகவரி மட்டும் தான் இருக்கும். டேட்டாபேஸ் மட்டும் பேக்கப் எடுத்தாலும் அதே கதை தான். வீடு எரிஞ்சப்புறம் விலாசம் எழுதின கவர் மட்டும் கையில இருந்த மாதிரி. பேக்கப் எடுன்னு சொல்றவங்க எதை எடுக்கணும்னு சொல்றதில்லை, எடுத்ததை ஒரு தடவை இன்னொரு இடத்துல விரிச்சுப் பாருன்னும் சொல்றதில்லை. விரிச்சுப் பாக்காத பேக்கப்பும் பேக்கப் இல்லாததும் ஒண்ணு தான்.

"புதுசா வர்றவங்களுக்கு சைல்டு தீம், ஃபில்டர்னு சொன்னா மிரண்டு ஓடிடுவாங்க."

இது தான் கேக்க நல்லா இருக்கற வாதம், அதனால இது தான் ஆபத்தானது. புதுசா வர்றவன் மிரளக் கூடாதுன்னா எளிமையா சொல்லுங்க, குறைச்சு சொல்லாதீங்க. மாத்திரை பேரைச் சொல்லி எத்தனை வேளைன்னு சொல்லாம விட்டா அதுக்குப் பேர் எளிமையா? விஷயம் தெரிஞ்சவன் ஒரு வரி டிப்ஸைப் பாத்தா, அதை எங்க போடணும்னு அவனே பாத்துப்பான். ஏமாறப் போறது எங்க பெரியப்பா மாதிரி, அந்த சமையல் குறிப்பு அம்மா மாதிரி ஆளுங்க தான். அவங்க கிட்ட தான் வேற எங்கயும் கிடைக்காத சரக்கு இருக்கு.

"அப்ப இலவச சேவைக்கே போயிடேன்"னு ஒரு நாலாவது குரலும் கேக்கும். ஜியோசிட்டீஸ்ல வீடு கட்டினவங்க கிட்ட கேளுங்க, யாஹூ 2009ல இழுத்து மூடினப்ப என்ன ஆச்சுன்னு. சொந்த ஹோஸ்டிங்ல சாவி நம்ம கையில இருக்கு. சாவி கையில இருந்தா பொறுப்பும் கையில தான்.

திட்டிட்டு மட்டும் போனா நானும் அதே ஆள் தான். அதனால, வேர்ட்பிரஸ் வெச்சிருக்கவங்களுக்கு நான் இப்ப கடைப்பிடிக்கறது:

1. நம்ம இடம் எது, அவங்க இடம் எதுன்னு மனசுல கோடு போட்டுக்கங்க. டபிள்யூபி-அட்மின், டபிள்யூபி-இன்க்ளூட்ஸ், இறக்கின தீம், இறக்கின ப்ளகின் எல்லாம் அவங்க இடம். அப்லோட்ஸ், எம்யூ-ப்ளகின்ஸ், சைல்டு தீம், டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பு நம்ம இடம். எஃப்டிபியில ஏத்தினாலும் அப்லோட்ஸ் உள்ள ஒரு ஃபோல்டர் போட்டு ஏத்துங்க. நான் அதை மட்டும் செஞ்சிருந்தா இந்தப் பதிவே இல்லை.

2. நிறம், எழுத்துரு அளவு மட்டும் மாத்தணுமா? 2016 டிசம்பர்ல 4.7 வந்ததுல இருந்து கூடுதல் சிஎஸ்எஸ்னு ஒரு பெட்டி இருக்கு. அதுல போட்டா டேட்டாபேஸ்ல சேரும், தீம் அப்டேட் ஆனாலும் போகாது.

3. அதுக்கு மேல வேணும்னா சைல்டு தீம். தனி ஃபோல்டர், அதுல ஒரு ஸ்டைல்.சிஎஸ்எஸ், அதுல தாய்த் தீமோட ஃபோல்டர் பேரைச் சொல்ற ஒரு வரி. அவ்ளோ தான் ஆரம்பம். ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி மட்டும் தாயோடதும் சேர்ந்து ஓடும், மத்த டெம்ப்ளேட் கோப்பெல்லாம் அதே பேர்ல நீங்க வெச்சா உங்களோடது தான் ஓடும். ஒண்ணு ஞாபகம் வைங்க, நீங்க நகல் எடுத்து வெச்ச கோப்புல தாய்த் தீம்காரன் பின்னாடி ஏதாவது திருத்தினா அது உங்களுக்கு வராது. அதனால வேணுங்கற கோப்பை மட்டும் நகல் எடுங்க.

4. ஹெச்டிஅக்சஸ் கோப்புல "பிகின் வேர்ட்பிரஸ்", "எண்ட் வேர்ட்பிரஸ்"னு ரெண்டு வரி இருக்கும். அதுக்கு நடுவுல எதையும் எழுதாதீங்க, அது திரும்பத் திரும்ப எழுதற இடம். உங்களோடதை அதுக்கு வெளிய எழுதுங்க.

5. முன்னாடியே எதையாவது நோண்டி வெச்சு மறந்துட்டீங்களா? டபிள்யூபி-சிஎல்ஐ இருந்தா வெரிஃபை-செக்சம்ஸ்னு ஒரு கட்டளை, மூலத்துல இருந்து மாறின கோப்பையெல்லாம் போட்டுக் கொடுத்துடும். இல்லைன்னா அதே பதிப்பைப் புதுசா இறக்கி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. அப்டேட் பண்றதுக்கு முன்னாடி பாருங்க, பின்னாடி பாத்தா ஒப்பாரி தான்.

6. பேக்கப்னா டேட்டாபேஸும் கோப்பும் ரெண்டும். முதல்ல நகல்ல அப்டேட், அது சரின்னா நிஜத்துல அப்டேட்.

வேற மென்பொருள்னாலும் நியாயம் இது தான், இடம் மட்டும் மாறும். மீடியாவிக்கியில புதுப் பதிப்பைத் தனி ஃபோல்டர்ல விரிச்சு, லோக்கல்செட்டிங்ஸ், படங்கள், நாம சேர்த்த எக்ஸ்டென்ஷன்களை மட்டும் அங்க கொண்டு போகணும். பழசு மேல புதுசைக் கொட்டக் கூடாது.

கடைசியா, டிப்ஸ் எழுதற அத்தனை பேர் கிட்டயும் ஒரே ஒரு கோரிக்கை. எழுதுங்க, நிறைய எழுதுங்க. ஆனா "மேட்டர் ஓவர்"க்கு முன்னாடி ஒரு வரி சேருங்க: *இது எந்தக் கோப்புல போகுது, அடுத்த அப்டேட்ல இது என்ன ஆகும்.* அந்த வரி எழுதத் தெரியலைன்னா, அந்த டிப்ஸ் நமக்கே இன்னும் முழுசா தெரியலைன்னு அர்த்தம். தெரிஞ்சுக்கிட்டு எழுதுவோம். என்னோட அந்தப் பழைய பதிவை நான் அழிக்கலை. தலையில சிவப்பு எழுத்துல "இதைச் செய்யாதீங்க, ஏன்னா..."ன்னு போட்டு, கீழ சரியான வழியை எழுதி வெச்சிருக்கேன். அழிச்சா என் மானம் தான் தப்பிக்கும், ஏற்கனவே செஞ்சு வெச்சவங்களுக்கு விஷயம் போய்ச் சேராது.

பெரியப்பா அன்னைக்கு என்னைத் திட்டலை. "சரி விடுல, வரி இருக்குல்லா, நான் படிச்சுக் காட்டிருதேன்"னார். வந்தவங்களை உக்கார வெச்சு அவரே வாசிச்சிருக்கார். பாடத் தெரியாது அவருக்கு. வாசிச்சிருக்கார். திட்டியிருந்தா இத்தனை வருஷம் கழிச்சு நான் இவ்ளோ கத்தியிருக்க மாட்டேன்னு நினைக்கறேன்.

பி.கு: உங்க பழைய டிப்ஸ் பதிவுல எதையாவது இது மாதிரி திருத்தினா, பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. "நன்றி தல" அன்னைக்கு நான் சொல்றேன்.